படுத்தால் கால் துடிக்கிறதா? எது என்று பிரித்தறிவது முதல் பரிசோதனை, செலவு, சிகிச்சை வரை

பகலெல்லாம் ஓடியாடும்போது ஒன்றும் தெரியாது. இரவு படுத்ததும் கெண்டைக்காலில் துடிப்பு, குடைச்சல், இழுப்பு என்று ஏதோ ஒன்று ஆரம்பிக்கும். டாக்டரிடம் போனால் ஒருவர் சத்து ஊசி போடுவார், இன்னொருவர் முதுகுத்தண்டுக்கு ஸ்கேன் எழுதுவார், மூன்றாமவர் தூக்க மாத்திரை தருவார். பணமும் மாதங்களும் கரைய, கால் மட்டும் அப்படியே இருக்கும். "கால் துடிக்குது" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது உண்மையில் நாலைந்து வெவ்வேறு தொல்லைகள். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு, ஒன்றுக்கான மருந்து இன்னொன்றைக் கூட்டிவிடவும் கூடும். அதனால் வரிசை மாறாமல் போவது முக்கியம்.

1. உங்களுக்கு இருப்பது எது என்று பிரியுங்கள்

வெறும் சதைத் துடிப்பு: தோலுக்கடியில் ஒரு சிறு இடம் மட்டும் படபடவென்று துடிக்கும். உற்றுப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். வலி இருக்காது. கால் முழுதாக அசையாது. சில நொடிகளில் நிற்கும், பிறகு வேறு இடத்தில் வரும். கண் இமை துடிப்பதும் இதே வகைதான். பெரும்பாலும் ஆபத்தில்லாதது.

கால் குடைச்சல்: மருத்துவர்கள் இதை ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம், சுருக்கமாக ஆர்.எல்.எஸ். என்பார்கள். இதில் துடிப்பைவிட, காலை அசைத்தே தீரவேண்டும் என்ற உந்துதல்தான் பெரிது. காலுக்குள் பூச்சி ஊர்வதாகவும், எலும்புக்குள் குடைவதாகவும் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். உங்களையே நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். காலை அசைக்காமல் இருக்க முடியவில்லையா? உட்கார்ந்தால் அல்லது படுத்தால்தான் தொடங்குகிறதா? எழுந்து நடந்தால், நடக்கும் நேரம் வரையாவது, குறைகிறதா? மாலையிலும் இரவிலும் அதிகமாகி, விடியற்காலையில் அடங்குகிறதா? நான்குக்கும் ஆம் என்றால், அதை விளக்க வேறு கோளாறும் இல்லையென்றால், இதுதான். இதைக் காட்டிக்கொடுக்கும் ஸ்கேன் எதுவும் கிடையாது. கேள்வி கேட்டுத்தான் கண்டுபிடிக்கிறார்கள். அதனால் நீங்கள் சொல்லும் விதம் மிக முக்கியம்.

கெண்டைக்கால் இழுத்துக்கொள்வது: நடுராத்திரியில் சதை கல்லாக இறுகி, கத்த வைக்கும் வலி. கையால் தொட்டால் முடிச்சு தெரியும். சில நொடிகளிலிருந்து சில நிமிடங்கள் வரை நீடிக்கும். மறுநாளும் அந்த இடம் நோகும்.

தூக்கத்தில் கால் உதறல்: உங்களுக்குத் தெரியாது, பக்கத்தில் படுப்பவர் சொல்வார். கட்டைவிரல் மேல்நோக்கி மடங்கி, கணுக்காலும் முழங்காலும் லேசாக இழுபடும். பெரும்பாலும் 20 முதல் 40 நொடிக்கு ஒருமுறை, தாளம் தவறாமல் வரும். கால் குடைச்சல் உள்ள பலருக்கு இதுவும் சேர்ந்தே இருக்கும். இது மட்டும் இருந்து, தூக்கமும் பகல்நேரச் சுறுசுறுப்பும் நன்றாக இருந்தால் சிகிச்சை தேவையில்லை.

கண் அயரும் தருணத்தில், பள்ளத்தில் விழுவதுபோல் உடம்பு ஒருமுறை தூக்கிப்போடுவது எல்லோருக்கும் வருவது. அதற்கு வைத்தியம் தேட வேண்டாம்.

குழப்பம் அதிகம் வருவது சர்க்கரை நோயாளிகளுக்கு. பாதத்தில் எரிச்சல், மதமதப்பு, ஊசி குத்தல் இருந்து, நடந்தாலும் அது குறையவில்லை என்றால் நரம்பு பாதிப்பாக இருக்கலாம். நடக்கும்போது கெண்டைக்கால் வலித்து, நின்றால் குறைவது ரத்த ஓட்டக் கோளாறு. படுத்தால் பாதம் வலித்து, கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டால் குறைகிறது என்றால் ரத்த ஓட்டம் மிகவும் குறைந்துவிட்டது என்று பொருள். புகைபிடிப்பவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

2. இவை இருந்தால் நேராக மருத்துவமனைக்கு

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் அன்றே காட்டுங்கள். ரத்தக்கட்டியாக இருக்கலாம். அந்தக் காலை எண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள், கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகும் அபாயம் உண்டு. நீண்ட பயணம், அறுவை சிகிச்சை, பிரசவம் இவற்றுக்குப் பிறகு இன்னும் கவனம் தேவை.

முதுகுவலியோடு சிறுநீர் கட்டுப்பாடு போவது, தொடைகளின் உட்புறமும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போவது, கால் திடீரென வலுவிழப்பது அவசர நிலை. காலை வரை காத்திருக்கக் கூடாது.

துடிப்போடு செருப்பு காலிலிருந்து நழுவுவது, அடிக்கடி இடறுவது, கால் சதை கண்ணுக்குத் தெரியும்படி மெலிவது, பேச்சு குழறுவது, விழுங்கச் சிரமம் இவற்றில் ஏதேனும் இருந்தால் நரம்பியல் மருத்துவரைச் சீக்கிரம் பாருங்கள். வாயைச் சுற்றி மதமதப்பும் கைவிரல்கள் கோணி இழுப்பதும் சேர்ந்து வந்தால் கால்சியம் குறைவாக இருக்கலாம். தைராய்டு அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு இது வரலாம், அவர்களும் தாமதிக்கக் கூடாது.

3. வீட்டு மருந்துப் பெட்டியைப் பாருங்கள்

காசு செலவில்லாத படி இது, பலர் தாண்டிப் போய்விடுவதும் இதைத்தான். கால் குடைச்சலைக் கிளப்பிவிடும் மருந்துகள் நம் வீடுகளில் சாதாரணமாகப் புழங்குகின்றன.

சளி மாத்திரைகளிலும் இருமல் டானிக்குகளிலும் இருக்கும் குளோர்பெனிரமின், டைஃபென்ஹைட்ரமின். இவை தூக்கம் வரவைக்கும் என்று நினைத்து இரவில் குடிப்பவர்களுக்குக் கால் இன்னும் குடையும்.

வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைட், தலைசுற்றலுக்குத் தரும் புரோகுளோர்பெராசின். இவை, அசைவைச் சீராக வைக்கும் மூளை வேதிப்பொருளான டோபமினைத் தடுப்பவை. வாந்திக்கு மாற்றாக டாம்பெரிடோன் கேட்கலாம், அது மூளைக்குள் அதிகம் போகாது. இதய நோய் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

கேஸ் மாத்திரை. இதைக் கவனமாகப் பாருங்கள். ரேபிபிரசோல் அல்லது பேன்டோபிரசோலோடு லெவோசல்பிரைட் சேர்ந்த கேப்சூல்கள் நம் ஊரில் மிகச் சாதாரணமாக எழுதப்படுகின்றன. லெவோசல்பிரைடும் டோபமினைத் தடுப்பதுதான். பட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் இரண்டாவது பெயரைப் படியுங்கள். வயிற்றெரிச்சலுக்கு மட்டும்தான் என்றால் அது சேராத மாத்திரையாக மாற்றித் தரச் சொல்லலாம்.

மன அழுத்தத்துக்கான எஸ்சிட்டலோபிராம் வகை, அமிட்ரிப்டிலின், மிர்டசபின், மனநோய்க்கான மருந்துகள். இவற்றை நீங்களாக நிறுத்தவே கூடாது. "இதை ஆரம்பித்த பிறகு கால் குடைகிறது" என்று எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே சொல்லுங்கள், மாற்று இருக்கிறது. இந்த மருந்துகளால் கால் மட்டுமின்றி உடம்பே பரபரத்து, பகலிலும் ஓரிடத்தில் உட்கார முடியாத நிலை வந்தால் அது வேறு பக்கவிளைவு. அதை உடனே தெரிவிக்க வேண்டும்.

சதை இழுப்பு என்றால் பட்டியல் வேறு. நீர் பிரிய வைக்கும் ஃபுரோசமைட், ஹைட்ரோகுளோரோதயசைட் போன்றவை பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் வெளியேற்றும். கேஸ் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விடாமல் போடுபவர்களுக்கு மெக்னீசியம் குறையலாம். ஆஸ்துமாவுக்கான சால்புட்டமால் சதை இழுப்பையும் நடுக்கத்தையும் தரலாம்.

4. இரண்டு வாரம் குறித்து வையுங்கள்

நோட்டில் ஒரு நாளுக்கு ஒரு வரி போதும்: எத்தனை மணிக்குத் தொடங்கியது, எந்தக் கால், என்ன செய்தால் குறைந்தது, எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், அன்று எத்தனை காபி, டீ, என்ன மாத்திரை. பெண்கள் மாதவிலக்கு நாட்களையும், ரத்தப்போக்கு அதிகமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சதைத் துடிப்பு என்றால் போனில் 30 நொடி வீடியோ எடுங்கள். டாக்டர் முன்னால் அது துடிக்கவே துடிக்காது. தூக்கத்தில் உதறினால் பக்கத்தில் படுப்பவரை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று உதறல்களாவது பதிவாகட்டும், அப்போதுதான் இடைவெளி தெரியும்.

இதே இரண்டு வாரத்தில், மதியம் 12 மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம். கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணி டிகாக்‌ஷன் காபி இரவு 11 மணிக்கும் பாதி இருக்கும். ஒரு நாளைக்கு ஐந்தாறு குடிப்பவர்கள் ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும், இரண்டு நாளைக்கு ஒரு கப் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். இரவு மது குடிப்பவர்களுக்குத் தூக்கம் உடைவதும் கால் குடைவதும் கூடும். அதையும் நிறுத்திப் பார்த்தால்தான் குறிப்பு நம்பத்தக்கதாக இருக்கும்.

5. யாரிடம் போவது, கையில் என்ன இருக்கவேண்டும்

முதலில் பொது மருத்துவர் போதும். எலும்பு மருத்துவரிடம் தொடங்கினால் பேச்சு முதுகுத்தண்டு எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. என்று போகும். 40 வயதுக்கு மேல் எம்.ஆர்.ஐ. எடுத்தால், வலியே இல்லாத பலருக்கும் டிஸ்க்கில் ஏதாவது தேய்மானம் தெரியும், அதையே காரணமாகப் பிடித்துக்கொண்டு மாதங்கள் ஓடும். காலில் சுருள் நரம்பு (வெரிகோஸ் வெயின்) தெரிந்தாலும் குடைச்சலுக்கு அதுதான் காரணம் என்று உடனே லேசருக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ரத்தத்தில் இரும்பைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

எடுத்துப்போக வேண்டியவை: குறிப்பு நோட்டு, வீடியோ, ஓராண்டுக்குள் எடுத்த ரத்தப் பரிசோதனை அறிக்கைகள், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டைகள். பெயரை எழுதிப் போவதைவிடப் பட்டையே மேல், கூட்டு மருந்துகள் அதில்தான் தெரியும். சித்த, ஆயுர்வேத மருந்து, புரோட்டீன் பவுடர், உடம்பு இளைக்கும் மாத்திரை எதையும் விட வேண்டாம். ரத்ததானம் செய்யும் பழக்கம், மூலத்தில் ரத்தம் போவது, குடும்பத்தில் வேறு யாருக்காவது கால் குடைச்சல் இருப்பது இவற்றையும் சொல்லுங்கள். கால் குடைச்சல் பரம்பரையாக வருவது மிகச் சாதாரணம்.

பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்பதும் கணக்கில் உண்டு. "கால் வலிக்குது டாக்டர்" என்றால் வலி மாத்திரைதான் கிடைக்கும். "வலி இல்லை டாக்டர், படுத்தால் காலை அசைக்காமல் இருக்க முடியவில்லை, எழுந்து நடந்தால் சரியாகிறது, ராத்திரியில்தான் வருகிறது, ஆர்.எல்.எஸ். ஆக இருக்குமா?" என்று கேளுங்கள்.

தனியார் கிளினிக்கில் பொது மருத்துவருக்குச் சுமார் 300 முதல் 600 ரூபாய், நரம்பியல் நிபுணருக்குச் சுமார் 600 முதல் 1,200 ரூபாய் ஆகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காலையிலேயே ஓ.பி. சீட்டு வாங்கி முதலில் பொது மருத்துவப் பிரிவில் காட்டினால், தேவைப்பட்டால் அவர்களே நரம்பியல் பிரிவுக்கு எழுதித் தருவார்கள். சிறப்புப் பிரிவு ஓ.பி. எல்லா நாளும் இருக்காது. கிழமையைச் சீட்டு வாங்கும் இடத்தில் கேட்டுக்கொண்டால் ஒரு நாள் அலைச்சல் மிச்சம்.

6. ரத்தப் பரிசோதனை: ஃபெரிட்டின்தான் முக்கியம்

கால் குடைச்சலில் மூளையின் சில பகுதிகளுக்கு இரும்பு போதாமல் போவதும், அதனால் டோபமின் இயக்கம் தடுமாறுவதும்தான் முக்கியக் காரணமாகக் கருதப்படுகின்றன. ஹீமோகுளோபின் 13 இருந்தாலும் சேமிப்பு இரும்பு குறைந்திருக்கலாம். அந்தச் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். "ரத்தம் நல்லா இருக்கு" என்று ஹீமோகுளோபினை மட்டும் பார்த்துச் சொல்வதோடு விட்டுவிடாதீர்கள்.

எடுக்கவேண்டியவை: முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், சீரம் இரும்பு, டி.ஐ.பி.சி. (ரத்தம் எவ்வளவு இரும்பைச் சுமக்க முடியும் என்ற அளவு), சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், சர்க்கரைக்கு எச்பிஏ1சி, தைராய்டுக்கு டி.எஸ்.எச்., பி12. சதை இழுப்பும் துடிப்பும் என்றால் கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் சேர்த்து. தனியாகக் கேட்டால் ஃபெரிட்டின் மட்டும் சுமார் 500 முதல் 900 ரூபாய், மொத்தமாக 2,500 முதல் 4,000 ரூபாய் வரை ஆகலாம். லேபுக்கு லேப் விலை மாறும். "முழு உடல் பரிசோதனை" என்று 60, 70 சோதனைகள் அடங்கிய பேக்கேஜ் மலிவாகத் தெரியும், ஆனால் அதில் ஃபெரிட்டின் இருக்கிறதா என்று பட்டியலைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பல பேக்கேஜ்களில் சீரம் இரும்பு மட்டும்தான் இருக்கும். கையில் காசு குறைவு என்றால் முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், சீரம் இரும்பு, டி.ஐ.பி.சி. மட்டும் முதலில்.

ரத்தம் கொடுக்கும் முறையில் தவறினால் எண்ணும் தவறும். காலையில் வெறும் வயிற்றில் கொடுங்கள். அதற்கு முந்தைய 24 மணி நேரமாவது இரும்பு மாத்திரையோ இரும்பு சேர்ந்த சத்து மாத்திரையோ போடாதீர்கள். காய்ச்சல், சளி, பல் சீழ் இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயரும். குணமாகி இரண்டு மூன்று வாரம் கழித்துக் கொடுங்கள். பி12 ஊசி போட்ட பிறகு பி12 பார்த்தால் எண் எகிறிக் காட்டும், பார்த்துவிட்டுத்தான் ஊசி. மெட்ஃபார்மின் பல ஆண்டு சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவது வழக்கம், அவர்கள் இதைத் தவிர்க்க வேண்டாம்.

அறிக்கை வந்ததும் செய்யும் பெரிய தவறு, ஃபெரிட்டின் தடித்த எழுத்தில் அச்சாகவில்லை என்று தூக்கி வைத்துவிடுவது. லேபின் "இயல்பு" எல்லை பெண்களுக்கு 10, 15 என்ற இடத்திலேயே தொடங்கிவிடும். 22 என்று வந்தால் லேபைப் பொறுத்தவரை அது சரி. கால் குடைச்சலுக்கு அந்தக் கணக்கு செல்லாது. பெரியவர்களுக்கு ஃபெரிட்டின் மில்லிலிட்டருக்கு 75 நானோகிராமோ அதற்குக் கீழோ இருந்தால், அல்லது டிரான்ஸ்ஃபெரின் செறிவு (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது) 20 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால், இரும்பு தருவதைப் பரிசீலிக்க வேண்டும் என்பதுதான் தூக்க மருத்துவ வழிகாட்டுதல்களின் அளவுகோல். இந்தச் செறிவை அறிக்கையில் போடாவிட்டால் நீங்களே கணக்கிடலாம்: சீரம் இரும்பை டி.ஐ.பி.சி.யால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். இரும்பு 50, டி.ஐ.பி.சி. 400 என்றால் 12.5 சதவீதம். ஃபெரிட்டின் எண்ணைப் பேனாவால் வட்டமிட்டு, "கால் குடைச்சலுக்கு இது போதுமா?" என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்.

தேவைப்படாத சோதனைகளும் உண்டு. குடைச்சல் தெளிவாக இருந்து, காலில் வலுக்குறைவோ மரப்போ இல்லையென்றால் நரம்புக் கடத்தல் சோதனையும், சதையின் மின்னியக்கத்தைப் பார்க்கும் இ.எம்.ஜி.யும் முதல் சுற்றில் வேண்டாம். தூக்க ஆய்வும் கால் குடைச்சலைக் கண்டறிய அவசியமில்லை. பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நிற்பது, பகல் முழுதும் கண் சொருகுவது இருந்தால் மட்டும் கேளுங்கள். அதற்கு மட்டும் பத்தாயிரம் ரூபாயை ஒட்டிச் செலவாகலாம்.

7. இரும்பு மாத்திரை: போடும் முறையில்தான் பலன்

பரிசோதனை இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாற்றின் மரபுக் கூறு உள்ளவர்களுக்கு ரத்த அணு சிறுத்து, பார்க்க இரும்புக் குறைபாடு போலவே தெரியும். சேமிப்பு போதுமான அளவு இருக்கும்போது இரும்பைக் கொட்டினால் அது கல்லீரலில் சேரும்.

அட்டையில் உள்ள எண்ணைச் சரியாகப் படியுங்கள். ஃபெரஸ் சல்ஃபேட் 325 மி.கி. என்றால் அதில் உண்மையான இரும்பு 65 மி.கி.தான். இரும்பு அளவு 65 முதல் 100 மி.கி. வரை உள்ள மாத்திரை ஒன்று, ஒரு வேளை. ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது நன்றாக உறிஞ்சப்படும், வயிற்றுக்கும் இதம். ஒரு மாத்திரை போட்டதும் உடம்பு இரும்பை உறிஞ்சும் கதவை ஏறக்குறைய ஒரு நாள் சாத்திக்கொள்கிறது. காலையும் மாலையும் போட்டால் இரண்டாவது பெரும்பாலும் வீண்தான், மலச்சிக்கல் மட்டும் மிஞ்சும்.

வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறு அல்லது நெல்லிக்காயோடு போடலாம். டீ, காபி, பால், தயிர், கால்சியம் மாத்திரை, அமில முறிப்பு டானிக் ஆகியவற்றுக்கும் இதற்கும் முன்னே ஒரு மணி, பின்னே இரண்டு மணி இடைவெளி வேண்டும். காலை காபிக்கு முன் போட்டுவிட்டு உடனே காபி குடிப்பது நம் வீடுகளில் நடக்கும் முக்கியத் தவறு. மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டும் எண் ஏறாததற்கு இது ஒன்றே காரணமாக இருக்கலாம். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் 4 மணி நேரம் இடைவெளி விடவேண்டும். அவர்களுக்குத் தைராய்டு காலையிலும் இரும்பு மாலையிலும் என்று வைத்துக்கொள்வது எளிது.

மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். வயிறு புரட்டினால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள், உறிஞ்சல் சற்றுக் குறைந்தாலும் நிறுத்துவதைவிட மேல். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூட்டி வையுங்கள், இனிப்பென்று நினைத்து நாலைந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

பலன் மெதுவாகத்தான் வரும். 12 வாரம் கழித்து மறுபடி ஃபெரிட்டின் பாருங்கள். மூன்றாம் வாரத்தில் "ஒன்றும் கேட்கவில்லை" என்று விட்டுவிடாதீர்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, எண் ஏறவில்லை, அல்லது ஃபெரிட்டின் 75-க்கும் 100-க்கும் இடையில் இருக்கிறது என்றால் ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் இரும்பு பற்றிக் கேட்கலாம். ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் 1,000 மி.கி. இதற்கு அதிகம் பயன்படுவது. மருந்து ஏற 15 நிமிடம், பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருக்கவேண்டும். மருந்து, படுக்கைக் கட்டணம் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய். ஒவ்வாமை வந்தால் சமாளிக்கும் வசதி உள்ள இடத்தில்தான் போடவேண்டும், வீட்டுக்கு நர்ஸை வரவழைத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். முழுப் பலன் தெரியப் பல வாரம் ஆகும்.

இரும்பு ஏன் குறைந்தது என்ற கேள்வியையும் விடாதீர்கள். அதிக ரத்தப்போக்கு, மூலம், வலி மாத்திரையால் குடலில் கசிவு, அடிக்கடி ரத்ததானம் எதுவாகவும் இருக்கலாம். ஆண்களுக்கும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் காரணம் தெரியாமல் இரும்பு குறைந்தால் வயிறு, குடல் பரிசோதனை செய்தே ஆகவேண்டும்.

8. இரும்பு மட்டும் போதவில்லை என்றால்

வாரத்தில் பல இரவுகள் தூக்கம் கெடுகிறது என்றால்தான் தினசரி மருந்து. இன்று முதலில் எடுத்துப் பார்ப்பது, நரம்பு வலிக்கும் தரப்படும் கபாபென்டின் அல்லது ப்ரீகாபலின். பெரியவர்களுக்கு வழக்கமாகக் கபாபென்டின் 300 மி.கி. அல்லது ப்ரீகாபலின் 75 மி.கி.யில் தொடங்குவார்கள், 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இன்னும் குறைவு. குடைச்சல் தொடங்கும் நேரத்துக்கு ஒன்றிரண்டு மணி முன்பு போடவேண்டும். கால் குடைய ஆரம்பித்த பிறகு போட்டால் அன்றைய இரவு வீண். தலைசுற்றல், எடை கூடுதல், கால் வீக்கம் வரலாம். வயதானவர்கள் இரவில் கழிப்பறைக்கு எழும்போது விழுந்துவிடாமல் விளக்கு எரியட்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவு மாறும். மதுவோடு சேர்ந்தால் ஆபத்து. திடீரென நிறுத்தக் கூடாது.

கடையில் வாங்கும்போது பெயரைச் சரிபாருங்கள். ப்ரீகாபலினோடும் கபாபென்டினோடும் நார்ட்ரிப்டிலின் சேர்ந்த கூட்டு மாத்திரைகள் இங்கே ஏராளம். நார்ட்ரிப்டிலின் அமிட்ரிப்டிலினின் உறவு, கால் குடைச்சலைக் கூட்டக்கூடிய வகை. "அதே மருந்துதான், கம்பெனிதான் வேறு" என்று கடைக்காரர் தந்தால், சேர்க்கையைப் படிக்காமல் வாங்காதீர்கள். மக்கள் மருந்தகங்களில் தனி மருந்தாக இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், விலையும் நன்றாகக் குறையும்.

டோபமினைப் போலவே வேலை செய்யும் ப்ராமிபெக்சோல், ரோபினிரோல் இரண்டும் ஒரு காலத்தில் முதல் மருந்துகள். முதல் வாரமே அற்புதமாகக் கேட்கும், அதுதான் சிக்கல். மாதங்கள், ஆண்டுகள் போகப் போகக் குடைச்சல் இரவு 10-லிருந்து மாலை 6-க்கும், பிறகு மதியத்துக்கும் முன்னேறும், கைக்கும் பரவும். அளவைக் கூட்டினால் சில வாரம் அடங்கி இன்னும் மோசமாகும். 2025-இல் வந்த அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் வழிகாட்டுதல் இவற்றை வழக்கமான சிகிச்சையாகத் தருவதற்கு எதிராகவே பரிந்துரைக்கிறது. ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள், கடும் துன்பம் தரும். நரம்பியல் மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்கவேண்டும். இந்த மருந்துகளால் சூதாட்டம், கட்டுப்பாடற்ற ஷாப்பிங், அளவுமீறிய பாலுணர்வு என்று சிலருக்குக் குணமே மாறும். சீட்டாட்டத்தில் பணம் போவதற்கு மாத்திரை காரணமாக இருக்கலாம் என்று வீட்டில் யாருக்கும் தோன்றாது. ஆரம்பிக்கும் அன்றே குடும்பத்தாரிடம் சொல்லி வையுங்கள்.

குளோனசெபாம் தூங்க வைக்கும், குடைச்சலை மாற்றாது. பழகிவிட்டால் விடுவதும் சிரமம்.

9. வெறும் சதைத் துடிப்பு என்றால்

வலு சரியாக இருக்கிறதா என்று ஒரே ஒருமுறை பாருங்கள். குதிகாலால் பத்து அடி, நுனிக்காலால் பத்து அடி நடங்கள். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுங்கள். ஒற்றைக் காலில் நின்று, சுவரை லேசாகத் தொட்டுக்கொண்டு, குதிகாலைப் பத்து முறை உயர்த்துங்கள். எல்லாம் வழக்கம்போல் முடிகிறது என்றால் கவலை குறையலாம். தூக்கக் குறைவு, காபி, புதிதாக ஆரம்பித்த ஜிம், மனப்பதற்றம் இவைதான் பெரும்பாலும் காரணம். இணையத்தில் தேடினால் முதலில் வருவது ஏ.எல்.எஸ். என்ற கொடிய நரம்பு நோயின் பெயர். அந்த நோயில் வலுக்குறைவுதான் பெரிய அடையாளம். பல மாதம் வெறும் துடிப்பு மட்டும் இருந்து, மருத்துவர் பார்த்துப் பரிசோதனையும் சரி என்றால் அந்தப் பயத்தை விடலாம். மணிக்கொரு முறை காலைச் சோதிப்பது துடிப்பைக் கூட்டும்.

10. கெண்டைக்கால் இழுத்தால்

அந்த நொடியில்: முழங்காலை நீட்டி, கால்விரல்களை முழங்கால் பக்கம் இழுங்கள். கை எட்டாவிட்டால் துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்கலாம். அல்லது எழுந்து பாதம் முழுதும் தரையில் படும்படி நில்லுங்கள். விரலைக் கீழ்நோக்கி நீட்டினால் இழுப்பு கூடும்.

வராமல் தடுக்க: தினமும் படுக்கும் முன் சுவரிலிருந்து சுமார் இரண்டரை அடி தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னே சாயுங்கள். கெண்டைக்கால் இழுபடும் இடத்தில் 10 நொடி நிறுத்தி, மூன்று முறை. பிறகு உட்கார்ந்து காலை நீட்டித் தொடையின் பின்பக்கத்தையும் அதேபோல். ஆறு வாரம் விடாமல் செய்தால்தான் கணக்கு. வெயிலில் வேலை செய்து வியர்ப்பவர்கள் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கலந்து குடியுங்கள். அரை டம்ளரில் கொட்டிக் கலக்கக் கூடாது. குறைபாடு இல்லாத வயதானவர்களுக்கு மெக்னீசியம் மாத்திரை இழுப்பைக் குறைப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை, அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம். மலேரியா மருந்தான குயினைன் வேண்டவே வேண்டாம், ரத்தத் தட்டணுக்களையும் இதயத் துடிப்பையும் கெடுக்கும்.

11. குடைச்சலோடு இரவைக் கடத்த

சிகிச்சை பலிக்கும்வரை இவை கைகொடுக்கும். பகலில் அரை மணி நடை, ஆனால் இரவு 8 மணிக்கு மேல் கடும் உடற்பயிற்சி வேண்டாம். படுக்கும் முன் வெந்நீரில் கால் நனைப்பது சிலருக்கு இதம், சிலருக்குக் குளிர்ந்த நீர். இரண்டையும் பார்த்து உங்களுக்கு எது என்று முடிவு செய்யுங்கள். எண்ணெய் தேய்த்து அமுக்குவது அந்த நேரத்துக்கு உதவும். மனதைப் பிடித்திழுக்கும் வேலை ஏதாவது, கணக்குப் புதிரோ பின்னலோ, குடைச்சலைப் பின்னுக்குத் தள்ளும். டி.வி. அதைச் செய்யாது. பஸ்ஸில் நடைபாதை ஓரச் சீட்டும், முடிந்தால் காலைப் பயணமும் எடுங்கள்.

12. கர்ப்பிணிகள், குழந்தைகள், டயாலிசிஸ் செய்பவர்கள்

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் கால் குடைச்சல் மிகவும் சாதாரணம். பிரசவம் முடிந்து சில வாரங்களில் பெரும்பாலும் போய்விடும். மேலே சொன்ன மாத்திரைகள் எதையும் நீங்களாகப் போடாதீர்கள். மகப்பேறு மருத்துவரிடம் ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்காமல் ஒழுங்காகப் போட்டாலே பாதி வேலை முடியும்.

குழந்தை இரவில் காலை உதைத்து அழுதால், "வளர்ற வலி" என்று ஒதுக்கிவிடாமல், நடந்தால் அல்லது அமுக்கினால் குறைகிறதா என்று பாருங்கள். குழந்தைகளுக்கு ஃபெரிட்டின் எல்லை 50, மாத்திரை அளவு எடைக்கேற்ப. குழந்தை மருத்துவர்தான் தரவேண்டும்.

டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு நான்கு மணி நேரம் அசையாமல் கிடப்பதே பெரும் சோதனை. கபாபென்டின் அளவு இவர்களுக்கு மிகக் குறைவாக, டயாலிசிஸ் முடிந்த பிறகு தரப்படும். வேறு மருத்துவர் எழுதிய சீட்டை வைத்துத் தொடங்காமல் சிறுநீரக மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். குடைச்சல் காலையில்தான் குறைவு என்பதால், மாலை ஷிஃப்டில் இருந்தால் காலை ஷிஃப்டுக்கு மாற்றித் தரும்படி யூனிட் பொறுப்பாளரிடம் எழுதிக் கொடுங்கள், இடம் காலியானதும் கிடைக்கும்.